பூட்டு சரி, சாவி எங்கே?

இ-மெயிலைச் சங்கேதமாக்கும் சாஃப்ட்வேரை உடைப்பது உளவு அமைப்புகளுக்கே சிரமம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது அடிக்கடி முரண்டு பிடிக்கிறது. கோளாறு பெரும்பாலும் கணிதத்தில் இல்லை. கடிகாரத்தில், கீபோர்டில், மறதியில் இருக்கிறது.

பிரேசிலின் ரியோ டி ஜனீரோவில் வசித்த அமெரிக்கப் பத்திரிகையாளர் க்ளென் கிரீன்வால்டுக்கு 2012 டிசம்பர் 1 அன்று ஒரு இ-மெயில் வந்தது. எழுதியவர் தன்னை 'சின்சினாட்டஸ்' என்று அழைத்துக்கொண்டார். சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது, ஆனால் அதற்கு முன் கிரீன்வால்டு தன் கம்ப்யூட்டரில் பி.ஜி.பி. என்ற சங்கேத சாஃப்ட்வேரைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கோரிக்கை. கிரீன்வால்டு முயன்று பார்க்க நினைத்தார். சிக்கலாகத் தோன்றியது. தள்ளிப்போட்டார். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார். பத்திரிகையாளர்களுக்கென்றே ஒரு வீடியோ பாடமும் தயாரித்து அனுப்பினார். அப்போதும் காரியம் நடக்கவில்லை.

அலுத்துப்போன 'சின்சினாட்டஸ்' 2013 ஜனவரியில் வேறு ஆளைத் தேடிப் போனார். ஆவணப்பட இயக்குநர் லாரா போய்ட்ராஸுக்குச் சங்கேதக் கடிதங்களில் ஏற்கெனவே பழக்கம் உண்டு. அவர் வழியாகத்தான் செய்தி மீண்டும் கிரீன்வால்டை எட்டியது. ஜூன் மாதம் ஹாங்காங் ஓட்டல் அறையில் அந்த மர்ம மனிதர் முகம் காட்டினார். அவர் பெயர் எட்வர்ட் ஸ்நோடன்.

அவர் கொண்டுவந்த ஆவணங்களில் இந்தியாவுக்கும் பங்கு இருந்தது. 2013 மார்ச் மாதத்தில் மட்டும் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு நிறுவனம் இந்தியாவிலிருந்து 630 கோடி தகவல் துணுக்குகளைத் திரட்டியிருந்தது. பட்டியலில் இந்தியாவுக்கு ஐந்தாம் இடம். இத்தனை பெரிய செய்தி, ஒரு சாஃப்ட்வேரைப் பொருத்தத் தெரியாததால் கை நழுவிப் போயிருக்கக்கூடும்.

கிரீன்வால்டைக் குறை சொல்ல முடியாது. அதே சாஃப்ட்வேரை வீட்டுக் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்தத் திணறல் தெரியும். வக்கீலுக்கு ஆவணம் அனுப்ப வேண்டியவர், அலுவலக ஊழலை வெளியே சொல்ல நினைக்கும் குமாஸ்தா, நோயாளியின் விவரங்களை இன்னொரு மருத்துவருக்கு எழுதும் டாக்டர் என்று பலருக்கும் இது தேவைப்படுகிறது. பொருத்திய முதல் நாள் உற்சாகமாக இருக்கிறது. மூன்றாம் நாள் திரையில் ஒரு வரி வருகிறது: 'ரகசியச் சாவி இல்லை.' அதோடு பலர் கைகழுவிவிடுகிறார்கள்.

உண்டியலும் தர்மகர்த்தாவும்

கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ரகசிய எழுத்து இந்தியாவுக்குப் புதிதல்ல. காமசூத்திரம் சொல்லும் 64 கலைகளில் சங்கேதமாக எழுதும் 'மிலேச்சித விகல்ப'மும் ஒன்று. ஆனால் பழைய முறைகள் எல்லாவற்றிலும் ஒரு தொல்லை உண்டு. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஒரே சாவி. அந்தச் சாவியை முதலில் எப்படி ரகசியமாகக் கொடுத்தனுப்புவது?

1976ல் அமெரிக்கர்களான விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஒரு சாவிக்குப் பதில் ஒரு ஜோடி. ஒன்று பொதுச் சாவி, மற்றது ரகசியச் சாவி. அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் அதற்கு நடைமுறை வடிவம் கொடுத்தார்கள்.

கோயில் உண்டியலை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிது. உண்டியல் எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசு போடலாம். போட்டவரே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. திறக்கும் சாவி தர்மகர்த்தாவிடம் மட்டும் இருக்கிறது. பொதுச் சாவி என்பது உண்டியல். அதை ஊர் முழுக்கக் கொடுக்கலாம். ரகசியச் சாவி உரியவரின் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக்கூடாது. அந்தச் சாவிக்கும் காவலாக ஒரு நீண்ட கடவுச்சொல் உண்டு.

இந்தக் கணிதத்தைச் சாதாரண மனிதர்களின் கைக்குக் கொண்டுவந்தவர் ஃபில் ஸிம்மர்மன். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த இந்த அமெரிக்க புரோகிராமர் 1991 ஜூனில் பி.ஜி.பி.யை இலவசமாக வெளியிட்டார். பெயரின் விரிவுக்கு 'ஓரளவு நல்ல அந்தரங்கம்' என்று பொருள். ரேடியோ நிகழ்ச்சி ஒன்றில் வரும் மளிகைக்கடையின் பெயரைப் பார்த்து வேடிக்கையாக வைத்தது அது. அமெரிக்க அரசுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. பலமான சங்கேத முறைகள் அப்போது ஆயுதப் பட்டியலில் இருந்தன. அனுமதியின்றி ஏற்றுமதி செய்தாரா என்று 1993ல் ஸிம்மர்மன் மீது விசாரணை தொடங்கியது. விசாரணை நடக்கும்போதே, 1995ல், சாஃப்ட்வேரின் மூல வரிகள் முழுவதையும் எம்.ஐ.டி. அச்சகம் புத்தகமாக வெளியிட்டது. 1996 ஜனவரியில் வழக்கு எதுவும் தொடராமலே விசாரணை கைவிடப்பட்டது.

பன்னிரண்டு பேர், 90 நிமிடம்

அரசாங்கம் தோற்ற இடத்தில் உபயோகிப்பவரின் குழப்பம் ஜெயித்தது. 1999ல் ஆல்மா விட்டன், டி. டைகர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். இ-மெயிலில் பழக்கமுள்ள 12 பேரிடம் பி.ஜி.பி.யின் ஐந்தாம் பதிப்பைக் கொடுத்து, ஒரு ரகசியச் செய்தியைக் கையெழுத்திட்டுச் சங்கேதமாக்கி அனுப்பச் சொன்னார்கள். 90 நிமிட அவகாசம். சரியாகச் செய்து முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மூன்று பேர் ரகசியத்தைச் சங்கேதமாக்காமல் அப்படியே அனுப்பிவிட்டார்கள். ஏழு பேர் பெறுபவரின் பொதுச் சாவியை விட்டுவிட்டுத் தங்கள் பொதுச் சாவியாலேயே பூட்டினார்கள். அதாவது, அடுத்தவருக்கான காணிக்கையைத் தங்கள் உண்டியலிலேயே போட்டுக்கொண்டார்கள்.

16 ஆண்டுகள் கழித்து, 2015ல், இன்னொரு அமெரிக்க ஆய்வுக் குழு புதிய சாஃப்ட்வேர் ஒன்றுடன் பத்து ஜோடிகளை உட்கார வைத்தது. ஒரே ஒரு ஜோடிதான் சங்கேதக் கடிதத்தைப் பரிமாறிக்கொண்டது. அதே ஆண்டில் ஸிம்மர்மனுக்கு ஒருவர் சங்கேதக் கடிதம் அனுப்பினார். தன்னிடம் உள்ள கருவிகளில் ஓடக்கூடிய பி.ஜி.பி. இல்லை, அதனால் படிக்க முடியவில்லை என்று பதில் எழுதினார், அதைப் படைத்தவரே!

இன்று வீடுகளில் பெரும்பாலும் உபயோகிக்கப்படுவது பி.ஜி.பி.யின் இலவச வாரிசான க்னூ பி.ஜி. அல்லது தண்டர்பேர்ட் என்ற மெயில் சாஃப்ட்வேரில் உள்ளேயே அமைந்த சங்கேத வசதி. இரண்டிலும் வரும் கோளாறுகள் எண்ணிக்கையில் அதிகம், வகையில் குறைவு.

முதலில் செய்ய வேண்டியது, கோளாறு சாவியிலா மெயிலிலா என்று பிரித்துப் பார்ப்பது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நாலு வரி எழுதி ஒரு ஃபைலாகச் சேமிக்க வேண்டும். அதைத் தன் பொதுச் சாவியாலேயே பூட்டித் தானே திறந்து பார்க்க வேண்டும். இதில் மெயிலுக்கு வேலையே இல்லை. ஃபைல் திறந்தால் சாவியும் கடவுச்சொல்லும் சரி, குறை மெயில் சாஃப்ட்வேரில் இருக்கிறது. திறக்காவிட்டால் மெயில் சாஃப்ட்வேரைக் கழற்றி மாட்டுவது வீண் வேலை. அடுத்த படி, தன்னுடைய இன்னொரு மெயில் முகவரிக்கு ஒரு சங்கேதக் கடிதம். அதுவும் சரியாக வந்தால்தான் நண்பருக்கு. இந்த வரிசையை மாற்றி, முதல் நாளே முக்கியக் கடிதத்தை அனுப்பிச் சோதிப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

'ரகசியச் சாவி இல்லை'

அதிகம் பேரை மிரட்டும் செய்தி இது. இதற்கு மூன்று அர்த்தங்கள் இருக்கலாம். முதலாவது, அனுப்பியவர் வேறு யாருடைய பொதுச் சாவியாலோ பூட்டியிருக்கிறார். 12 பேரில் ஏழு பேர் செய்த அதே தவறு. இரண்டாவது, பெறுபவர் எப்போதோ செய்து மறந்த பழைய சாவி நண்பரின் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறது. நண்பர் அதைத்தான் உபயோகிக்கிறார். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. புதிய பொதுச் சாவியை அனுப்பி, மறுபடி பூட்டி அனுப்பச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது அர்த்தம் கொடியது. சாவி உண்மையிலேயே இல்லை. கம்ப்யூட்டரை மாற்றியபோது கடிதங்களை எல்லாம் பத்திரமாக நகல் எடுத்தவர் சாவியை எடுக்க மறந்திருப்பார். ஹார்ட் டிஸ்க் பழுதானபோது கடைக்காரர் விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்திருப்பார். அல்லது புதிய சாவி செய்தவுடன், 'பழசு எதற்கு' என்று அவரே அழித்திருப்பார். பழைய சாவியால் பூட்டிய கடிதங்களை அந்தப் பழைய சாவி மட்டுமே திறக்கும். வங்கியில் பாஸ்வேர்டை மறந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். இங்கே மனு கொடுக்க ஓர் அலுவலகம் கிடையாது. சாஃப்ட்வேரைச் செய்தவராலும் திறக்க முடியாது. திறக்க முடிந்தால் அது பூட்டே அல்ல.

காலாவதியான சாவி வேறு ரகம். பல சாவிகளுக்கு ஓராண்டு, ஈராண்டு என்று ஆயுள் குறிக்கப்படுகிறது. தேதி தாண்டியதும் நண்பரின் கம்ப்யூட்டர் அந்தச் சாவியால் பூட்ட மறுக்கும். பயப்பட வேண்டியதில்லை. பழைய கடிதங்கள் வழக்கம்போல் திறக்கும். ரகசியச் சாவி கையில் இருந்தால் தேதியை உரியவரே நீட்டிக்கலாம், கெடு முடிந்த பிறகும்கூட. பலர் மறப்பது அடுத்த வேலையைத்தான். நீட்டித்த பொதுச் சாவியை நண்பர்களுக்கு மறுபடி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவர்களைப் பொறுத்தவரை சாவி காலாவதியானதுதான்.

கடிகாரமும் கீபோர்டும்

சில கோளாறுகள் நம்ப முடியாத அளவுக்குச் சின்னவை. பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். சங்கேத சாஃப்ட்வேர் தேதி பார்க்கும் பழக்கமுள்ளது. போன வருடம் செய்த சாவியை, 'இது எதிர்காலத்தில் பிறந்த சாவி' என்று சொல்லி உபயோகிக்க மறுக்கும். தேதி முன்னால் ஓடினால் நல்ல சாவியே காலாவதியானதாகத் தெரியும். சாவியை அழித்துப் புதிது செய்யத் தேவையில்லை. திரையின் மூலையில் தேதியைப் பார்த்துச் சரிசெய்து, பேட்டரியை மாற்றினால் போதும்.

கடவுச்சொல் கேட்கும் பெட்டி இன்னொரு வில்லன். க்னூ பி.ஜி. தந்த கடவுச்சொல்லைச் சில நிமிடங்கள் ஞாபகம் வைத்திருக்கும், பிறகு மறுபடி கேட்கும். கேட்கும் அந்தச் சிறிய பெட்டி சில சமயம் மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மெயில் சாஃப்ட்வேர் உறைந்து நிற்பது போலத் தோன்றும். உண்மையில் அது பதிலுக்காகக் காத்திருக்கிறது. ஜன்னல்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்த்தால் பெட்டி அகப்படும்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு இங்கே தனிப் பொறி ஒன்று உண்டு. தமிழ் கீபோர்டை இயக்கியபடியே கடவுச்சொல்லை அடித்தால் பெட்டியில் புள்ளிகள் மட்டுமே தெரியும். எழுத்து மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. 'தவறான கடவுச்சொல்' என்று மூன்று முறை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கீபோர்டின் மொழி, அடுத்து கேப்ஸ் லாக்.

கடவுச்சொல்லையே தமிழில் வைத்தவர்களுக்கு இன்னும் நுட்பமான அபாயம் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சங்கேத சாஃப்ட்வேருக்கு அவை இரு வேறு சொற்கள். வீட்டு கம்ப்யூட்டரில் திறந்த சாவி வேறு கீபோர்டு உள்ள லேப்டாப்பில் திறக்காமல் போக இதுவும் காரணமாகலாம். ஆங்கில எழுத்துகளில் அமைந்த நீண்ட சொற்றொடர் பாதுகாப்பானது. அது தமிழ் வாக்கியமாகவே இருக்கட்டும், எழுத்து மட்டும் ஆங்கிலமாக இருந்தால் போதும்.

ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள்

நெடுநாள் உபயோகிப்பவர்களையே தடுமாற வைத்தது 2020ல் நடந்த மாற்றம். அதுவரை தண்டர்பேர்ட், எனிக்மெயில் என்ற இணைப்பின் உதவியோடு க்னூ பி.ஜி.யின் சாவிப் பெட்டியைத்தான் உபயோகித்தது. 78ஆம் பதிப்போடு அந்த இணைப்பு விடைபெற்றது. தண்டர்பேர்ட் தனக்கென ஒரு சாவிப் பெட்டி வைத்துக்கொண்டது.

விளைவு, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பெட்டிகள். விண்டோஸில் க்ளியோபாட்ரா என்ற சாவி நிர்வாகியைத் திறந்தால் சாவி பளிச்சென்று இருக்கிறது. தண்டர்பேர்ட் மட்டும் 'சாவி இல்லை' என்று சாதிக்கிறது. இரண்டும் உண்மை சொல்கின்றன. ஒரு பெட்டியில் போட்டதை இன்னொரு பெட்டியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ரகசியச் சாவியை முதல் பெட்டியிலிருந்து ஒரு ஃபைலாக வெளியே எடுத்து, தண்டர்பேர்டின் சாவி நிர்வாகத்தில் சேர்த்து, எந்த மெயில் முகவரிக்கு அது உரியது என்றும் குறிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த இடைக்கால ஃபைலை டெஸ்க்டாப்பில் விட்டுவைக்கக்கூடாது.

நண்பரின் சாவியைச் சேர்த்த பிறகும் தண்டர்பேர்ட் பூட்ட மறுக்கிறதா? 'இந்தச் சாவியை ஏற்கிறேன்' என்று குறித்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. யார் பெயரிலும் யார் வேண்டுமானாலும் சாவி செய்யலாம். அது உரியவருடையதுதானா என்று அறிய, சாவியின் 'விரல் ரேகை' எனப்படும் 40 எழுத்து எண் வரிசையைத் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் படித்துச் சரிபார்ப்பதே வழி. குரலில் ஆளை அடையாளம் தெரிந்தால் போதும்.

சாவிகளைப் பொது இடத்தில் தேடி எடுப்பதும் பழைய நாட்களைப் போல் இல்லை. 2019 ஜூனில் சில விஷமிகள், இந்தத் துறையில் தெரிந்த இருவரின் பொதுச் சாவிகள்மீது பல்லாயிரக்கணக்கான போலிக் கையெழுத்துகளை ஏற்றினார்கள். அவற்றைத் தருவித்த கம்ப்யூட்டர்களில் க்னூ பி.ஜி. மூச்சுத் திணறியது. சாவிகளைப் பகிர்ந்த பழைய சர்வர் கூட்டணி 2021ல் மூடப்பட்டது. 2024 ஜூலையில் சங்கேதக் கடிதங்களுக்கான பொது விதிமுறை புதுப்பிக்கப்பட்டபோது க்னூ பி.ஜி. குழு அதை ஏற்காமல் தனி வழியில் நின்றது. அதனால் புதிதாகச் செய்த சாவி ஒரு சாஃப்ட்வேரில் வேலை செய்து இன்னொன்றில் நிராகரிக்கப்பட்டால் அதற்கு உபயோகிப்பவர் பொறுப்பல்ல. எதிர்முனையில் உள்ளவர் என்ன சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்வது பாதித் தலைவலியைக் குறைக்கும்.

'கையெழுத்து தவறு' என்ற சிவப்பு எச்சரிக்கை இன்னொரு பீதி. கடிதத்தில் ஒரு கமா மாறினாலும் கையெழுத்து பொருந்தாது. அதுதான் அதன் வேலை. ஆனால் மாற்றியவர் உளவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடிதத்தைச் சோதிக்கும் ஆன்டிவைரஸ், 'சோதிக்கப்பட்டது' என்று தன் வரியைச் சேர்த்திருக்கலாம். அலுவலக சர்வர் கடிதத்தின் அடியில் சட்ட வாசகம் ஒட்டியிருக்கலாம். அந்த ஒட்டு வேலையை நிறுத்திவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னால் தெரிந்துவிடும்.

பூட்டாத ஜன்னல்கள்

எல்லாம் சரியாக வேலை செய்யும்போதும் சில ஜன்னல்கள் திறந்தே இருக்கின்றன. யார் யாருக்கு, எப்போது எழுதினார் என்பது சங்கேதமாவதில்லை. கடிதத்தின் தலைப்பு வரியைப் பல சாஃப்ட்வேர்கள் பூட்டுவதில்லை. உள்ளே ரகசியத்தைப் பூட்டிவிட்டு, தலைப்பில் 'நாளை புகார் கொடுக்கிறேன்' என்று எழுதினால் என்ன பயன்?

அதைவிட ஆபத்தானது பதில். நண்பர் சங்கேதமாக அனுப்பிய நாலு பக்கத்தையும் கீழே அப்படியே வைத்து, மேலே 'கிடைத்தது, நன்றி' என்று பூட்டாமல் பதில் போட்டால், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். ஒருவரின் அவசரம் இன்னொருவரின் வேலையை, சில சமயம் சுதந்திரத்தையே, பறித்துவிடக்கூடும். இந்தப் பூட்டு இருவர் சேர்ந்து காப்பது.

2018 மே மாதம் ஜெர்மனி, பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்கள் வேறு ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். 'ஈஃபெயில்' என்று பெயர். சாவியை அவர்கள் உடைக்கவே இல்லை. படம், அலங்காரம் எல்லாம் காட்டும் மெயில் சாஃப்ட்வேரின் ஆர்வத்தை உபயோகித்து, திறந்த கடிதத்தின் வாசகத்தை வெளியே அனுப்ப வைத்தார்கள். மெயில் சாஃப்ட்வேர்கள் பிறகு திருத்தப்பட்டன. கடிதங்களை வெறும் எழுத்தாக மட்டும் காட்டும்படி வைத்துக்கொள்வது இன்றும் நல்ல பழக்கம். கம்ப்யூட்டருக்குள்ளேயே உளவு சாஃப்ட்வேர் புகுந்துவிட்டாலோ எந்தப் பூட்டும் உதவாது. தர்மகர்த்தா உண்டியலைத் திறந்து எண்ணும்போது தோளுக்குப் பின்னால் திருடன் நிற்பது போன்றது அது.

இந்தியாவில் சட்டமும் நினைவில் இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, சங்கேதத்தைத் திறந்து காட்ட உதவுமாறு முறைப்படி உத்தரவிடப்பட்டவர் மறுத்தால் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட சங்கேதக் கொள்கையின் வரைவு, சங்கேதமாக அனுப்பிய செய்திகளின் வெளிப்படையான நகலை 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்து சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வீட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறது.

பீரோவில் ஒரு காகிதம்

இத்தனை பாடு தேவையா என்ற கேள்வி நியாயமானது. உடனடிச் செய்திகளுக்கு வாட்ஸ்அப் 2016லிருந்து சங்கேதத்தைத் தானாகவே செய்கிறது. 2014ல் தொடங்கிய ப்ரோட்டான் மெயில் தன் வாடிக்கையாளர்களுக்கிடையே சாவி வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வந்த வெடிகுண்டு மிரட்டல் கடிதங்களில் இந்தப் பெயர் அடிபட்டபோது, அந்தச் சேவையைத் தடுக்க வேண்டும் என்று தமிழகக் காவல்துறை கேட்டது செய்தியானது. ஆனால் அங்கும் அடிப்படை விதி மாறவில்லை. மீட்புக்கான ஏற்பாடு எதுவும் செய்யாமல் பாஸ்வேர்டை மறந்து மாற்றினால் பழைய கடிதங்கள் பூட்டியபடியே கிடக்கும். சாவியை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் தலையில்தான் பொறுப்பு.

தானே சாவி வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் நம்பியிருக்கும் அமைப்பும் பெரிய கம்பெனி அல்ல. க்னூ பி.ஜி.யை 1997ல் எழுதத் தொடங்கிய ஜெர்மானியர் வெர்னர் கோச் அதைப் பல ஆண்டுகள் ஏறக்குறைய தனியாளாகப் பராமரித்தார். பணமில்லாமல் அவர் திண்டாடுவது 2015 பிப்ரவரியில் செய்தியாக வந்த பிறகுதான் நன்கொடைகள் குவிந்தன. உலகின் ரகசியங்கள் பல ஒரு மனிதரின் வீட்டு மேஜையை நம்பி இருந்தன.

இத்தனை கோளாறுகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. ஒன்றில்கூடப் பூட்டு உடையவில்லை. தேதி மாறியது, பெட்டி மாறியது, மொழி மாறியது, சாவி தொலைந்தது. தொலைந்த சாவியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பரிகாரம் இருக்கிறது. எனவே சாஃப்ட்வேரைப் பொருத்திய அன்றே, முதல் கடிதத்துக்கும் முன்பே, செய்ய வேண்டிய வேலைகள் மூன்று.

ரகசியச் சாவியின் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்து, அதிலிருந்து மறுபடி சேர்க்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்காத நகல் நகலே அல்ல. அடுத்து, ரத்துச் சான்றிதழ். சாவி தொலைந்தாலோ திருடுபோனாலோ 'இந்தச் சாவி இனி என்னுடையதல்ல' என்று ஊருக்கு அறிவிக்கும் ஃபைல் அது. க்னூ பி.ஜி.யின் இன்றைய பதிப்புகள் சாவி செய்யும்போதே அதையும் எழுதிவைக்கின்றன. சாவி போன பிறகு புதிதாகச் செய்ய முடியாது என்பதால் அதையும் நகலெடுக்க வேண்டும். மூன்றாவது, கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி, பென் டிரைவ் இருக்கும் இடத்தில் வைக்காமல், வேறு இடத்தில் பத்திரப்படுத்துவது.

கடவுச்சொல்லை எழுதிவைக்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கம்ப்யூட்டரை நோட்டமிடுபவன் வெகு தொலைவில் இருக்கிறான். வீட்டு பீரோவைத் திறக்க அவனால் முடியாது. வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் தட்டில் அந்தக் காகிதமும் இருக்கட்டும். ராணுவங்களே மலைக்கும் கணிதத்துக்குக் கடைசியில் காவல் நிற்பது பீரோவின் சாவிதான். அது எங்கே என்பது மட்டும் மறக்காமல் இருந்தால் சரி.